கெல்ப் காட்டில் விரல்களின் கணக்கு

சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, திருவான்மியூர் குப்பத்துக் கடற்கரையோரம் வழக்கமாக நான் மீன் வாங்கும் அம்மாவிடம் மீன் எதுவும் வாங்காமல் ஐஸ் மட்டும் கேட்டு நின்றேன். அன்று சங்கராவும் கானாங்கெளுத்தியும் நன்றாகவே வந்திருந்தன. “இன்னா தம்பி, மீனில்லாம வெறும் ஐஸ வெச்சுகினு இன்னா பண்ணப் போற?” என்று கேட்டவரிடம், கேமராவை அதில் முக்கிப் பார்க்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்தார். உடைத்த ஐஸை இரண்டு பைகளில் அள்ளிப் போட்டார். காசு வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டார். அந்தப் பரிவு எதற்கானது என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

மீன் அனுப்பப் பயன்படும் பெரிய தெர்மோகோல் பெட்டி ஒன்றை வீட்டுப் பால்கனியில் வைத்து, பாதியளவு தண்ணீர் நிரப்பி, சமையலறை வெப்பமானி 13 டிகிரி செல்சியஸ் காட்டும் வரை அதில் ஐஸைச் சேர்த்தேன். கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக் காட்டை நீருக்கடியில் படம் எடுக்க நான் போகவிருந்தது கலிஃபோர்னியாவின் மான்ட்டெரே விரிகுடாவுக்கு; அக்டோபர் மாதத்தில் அங்கே கடல்நீர் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கும். பிறகு 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் கையுறைகளை மாட்டிக்கொண்டு, ஹவுசிங் எனப்படும் நீர் புகாத உலோகக் கூட்டுக்குள் பூட்டிய கேமராவோடு இரண்டு கைகளையும் முழங்கை வரை அமிழ்த்தி, நிமிடங்களை எண்ணத் தொடங்கினேன். முதல் 10 நிமிடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 15-வது நிமிடத்தில் விரல் நுனிகள் வலித்தன. 25-வது நிமிடத்தில் வலி போய்விட்டது. கவலைக்குரியது அதுதான், ஏனென்றால் வலியோடு தொடு உணர்வும் போய், அருகருகே இருக்கும் இரண்டு பொத்தான்களில் எதன்மேல் விரல் இருக்கிறது என்பதே தெரியாமலாயிற்று. 40-வது நிமிடத்தில் ஷட்டர் நெம்புகோலை இழுக்க மட்டுமே முடிந்தது.

இத்தனைக்கும் அப்போது என் மற்ற உடம்பெல்லாம் செப்டம்பர் மாதத்துச் சென்னை வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தது. கடலுக்குள் முழு உடம்பும் குளிரும்போது, நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காக இரத்தம் முதலில் கைகால்களிலிருந்துதான் ஒதுங்கிக்கொள்கிறது. ஆகவே என் விரல்களுக்கு உண்மையில் கிடைக்கப்போவது 40 நிமிடத்துக்கும் குறைவு என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்கு பிசகவில்லை. நான் கெல்ப் காட்டில் எடுத்த படங்களில் தேறியவை எல்லாம், தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே கரையில் நின்று முடிவு செய்துகொண்டு போனவை.

வெதுவெதுப்பான கடலில் கேமரா பிடித்துப் பழகியவன் நான். கோவளத்துக்கு அப்பாலும், புதுச்சேரியிலும், இரண்டு முறை அந்தமானிலும் 27 முதல் 30 டிகிரி வரையிலான நீரில், வெட்சூட் எனப்படும் மெல்லிய ரப்பர் உடை அணிந்து, வெறுங்கையால் பொத்தான்களைத் திருகி, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தள்ளி, சரியாக வராததைத் திரும்ப எடுத்து, அப்படியே கற்றுக்கொண்டவன். அந்தப் பழக்கத்தில் ஒரு சோம்பலும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். நீர் இதமாக இருக்கும்வரை எந்த முடிவையும் தள்ளிப்போடலாம் அல்லவா?

கெல்ப் என்பது பழுப்புப் பாசி வகையைச் சேர்ந்தது, செடியன்று. மண்டபம், இராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாக மூழ்கிச் சேகரித்துவரும் கடற்பாசிகளில் கட்டக்கோரை என்று ஒன்று உண்டே, அந்த சர்காசமும் பழுப்புப் பாசிதான். சிறுசிறு காற்றுக் குமிழ்களால் தன்னை நிமிர்த்திக்கொள்ளும் வித்தை அதற்கும் தெரியும். ஆனால் நம் கட்டக்கோரை இடுப்பளவு வளர்ந்தாலே பெரிது. மான்ட்டெரேயின் ராட்சத கெல்ப், அறிவியல் பெயரில் மாக்ரோசிஸ்டிஸ் பைரிஃபெரா, 30 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. நீர் குளிர்ந்து, சத்தும் வெயிலும் ஒத்துவந்தால் ஒரு நாளில் அரை மீட்டருக்கு மேல் நீளும். அடியில் பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும் விரல் விரலான பிடிப்பு வேர் போலத் தோன்றினாலும் வேரில்லை; அது எதையும் உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. சத்துகளை எல்லா இலைத்தகடுகளும் தம்மைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு தகட்டின் அடியிலும் ஒரு காற்றுப்பை இருக்கிறது. நூற்றுக்கணக்கான அந்தப் பைகள் சேர்ந்துதான் தண்டை நீர்மட்டம் வரை தூக்கி நிறுத்துகின்றன. மேலே வந்த பிறகும் வளர்ச்சி நிற்காததால், மிச்ச நீளம் நீர்மேல் படர்ந்து பந்தலாகிவிடுகிறது.

1834-இல் தென்னமெரிக்காவின் தென்முனையில் இதே பாசியைக் கண்ட சார்லஸ் டார்வின், வெப்ப மண்டலத்துக் காடுகளோடு இதை ஒப்பிட்டு எழுதினார். தரையில் ஒரு காடு அழிந்தால்கூட, இந்தப் பாசி அழிந்தால் மடியும் அளவுக்கு உயிர்வகைகள் மடியா என்பது அவருடைய எண்ணம். காடு என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை என்பதற்காகவே அவரைச் சாட்சிக்கு அழைத்தேன்.

இந்தக் காடு ஏன் நம் கரையில் இல்லை என்று கேட்பவர்களுக்கு, நீரின் சூடு ஒரு காரணம், அதனோடு பிணைந்த பசி இன்னொரு காரணம். கெல்புக்கு நைட்ரேட் நிறைந்த குளிர்நீர் வேண்டும். கலிஃபோர்னியக் கரையில் இளவேனில் மாதங்களில் வடமேற்குக் காற்று கரையோடு ஒட்டி வீசும்போது, பூமியின் சுழற்சி காரணமாக மேல்நீர் கரையை விட்டு விலகி ஆழ்கடல் பக்கம் நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலேறி வருகிறது. காட்டுக்கு அது விருந்து, கேமராக்காரனுக்குத் தொல்லை. சத்து வந்தவுடன் நுண்மிதவை உயிரிகள் பெருகி நீர் கஞ்சியைப் போலக் குழம்பிவிடும், வெப்பமும் 10 டிகிரி வரை இறங்கிவிடும். காற்று ஓய்ந்து, குழப்பம் அடங்கி, நீர் தெளிவது செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில்தான். அது நமக்கு ஐப்பசி அடைமழைக் காலம். சென்னைக் கடல் கலங்கிக் கிடக்கும் நாட்களில் அங்கே தெளிந்திருக்கிறது என்பது எனக்கு ஏதோ சலுகை போலத் தோன்றியது. சான் ஹோசேயில் இருக்கும் என் தங்கை பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டே இருந்தாள். அக்டோபரில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாளே அவமானம். சென்னையில் ஹவுசிங்கைப் பூட்டும்போதெல்லாம், ஏசி அறையில் அரை மணி நேரம் கேமராவை வைத்திருந்து, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டுத்தான் மூடுவேன். கலிஃபோர்னியக் காற்று வறண்டது, இதெல்லாம் தேவையில்லை என்று எண்ணிக்கொண்டு, அதிகாலையில் தங்கை வீட்டுச் சமையலறை மேசையிலேயே பூட்டிவிட்டேன். இரண்டடி தள்ளி அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அந்த நீராவியும் சேர்ந்துதான் கூட்டுக்குள் அடைபட்டது. ஒன்றரை மணி நேரம் காரில் போய், சான் கார்லோஸ் கடற்கரையில் இறங்கி, நீருக்குள் ஐந்தாவது நிமிடம், லென்ஸுக்கு முன்னிருக்கும் கண்ணாடிக் குவிமாடத்தின் உட்பக்கம் பூத்துப்போயிற்று. ஏசி அறையிலிருந்து மொட்டை மாடிக்குக் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸின் வெளிப்பக்கம் பூப்பது நமக்குப் பழக்கம்தான், துணியால் துடைத்துவிடலாம். இங்கோ உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு முத்து முத்தாகப் படிகிறது. நீருக்கடியில் கூட்டைத் திறக்க முடியாது. அந்த டைவ் முழுவதும் நான் எடுத்த 60 சொச்சம் படங்களிலும் பாலில் நனைத்த துணிக்குப் பின்னால் எதுவோ அசைவது போலத்தான் இருக்கிறது. மாலையில் அவற்றைப் பார்த்த தங்கை, “அண்ணா, இட்லிப் பானை மூடியை உள்ளேயிருந்து படம் எடுத்த மாதிரி இருக்கு” என்றாள். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

பெட்டியில் ஐஸ் வைத்துப் பழகியபோது இதை நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று பிறகு யோசித்தேன். அங்கே கூட்டை ஏசி அறையில் ஒழுங்காகப் பூட்டியிருந்தேன், அதனால்தான் பூக்கவில்லை. ஒத்திகையில் காட்டிய ஒழுங்கு மேடையில் இல்லாமல் போயிற்று.

என்னோடு இறங்கியவர் தங்கையின் அலுவலக நண்பர், அந்தக் கரையில் பல ஆண்டுகளாக டைவ் செய்கிறவர். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரட்டை வெட்சூட்டின் மிதப்பை அடக்க, சென்னையில் 4 கிலோ ஈயத்தோடு இறங்கும் நான் அங்கே 13 கிலோ கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தலையை இறுக்கிப் பிடிக்கும் உறை வேறு. கரையிலிருந்து அலைக்குள் நடந்து போன அந்த 20 மீட்டர்தான் முழுப் பயணத்திலும் மிகக் கடினமான தூரம் என்று இப்போதும் சொல்வேன். காட்டுக்குள் நுழையும் முன் அவர் கற்றுத்தந்தது ஒன்றே ஒன்று: கெல்ப் மாட்டிக்கொண்டால் சுழலாதே, இழுக்காதே, கத்தியையும் தேடாதே; தண்டை மடக்கி ஒடி. இழுத்தால் கயிறு போலத் தாங்கும் அந்தத் தண்டு, மடக்கினால் சட்டென்று ஒடிந்துவிடுகிறது. காய்கறிக் கடையில் பிஞ்சு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அதே ஓசை, அதே இளக்கம். அதை ஒரு முறை கையால் உணர்ந்த பிறகு எனக்கிருந்த பயம் போய்விட்டது.

உள்ளே நுழைந்ததும் முதலில் உறைப்பது இருட்டு. நல்ல வெயில் நாளிலும் மேலே படர்ந்த பந்தல் பெருமளவு ஒளியை மறித்துவிடுகிறது. பந்தலில் இடைவெளி இருக்கும் இடங்களில் மட்டும் வெளிச்சம் கற்றை கற்றையாக இறங்குகிறது. அலை அசையும்போது அந்தக் கற்றைகளும் இடம் மாறுகின்றன. வெளிச்சத்துக்கு எதிர்ப்புறம் நிற்கும் தகடுகள் பழுப்பாக இல்லை, பொன்னிறமாக, தேன் குப்பியை விளக்குக்கு நேரே பிடித்தது போல ஒளிர்கின்றன. சுற்றியுள்ள நீர் பச்சை. நுண்மிதவைகள் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிவிட்டு மிச்சம் விடுவது அந்தப் பச்சைதான். அந்தமான் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் இது குறை போலத் தோன்றும். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையை நகர்த்தி நீலமாக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். நான் அப்படிச் செய்து பார்த்த இரண்டு மூன்று படங்களில் கெல்ப் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. பிறகு பச்சையைப் பச்சையாகவே விட்டுவிட்டேன். அந்தக் கடலின் நிறம் அது. அதைத் திருத்த நான் யார்?

இந்த இருட்டில் வெளிச்சத்தின் கணக்குதான் மிகவும் நுட்பமானது. 1926-இல் அமெரிக்காவின் டிரை டோர்டுகாஸ் தீவுகளருகே லாங்லியும் மார்ட்டினும் முதன்முதலாக நீருக்கடியில் வண்ணப்படம் எடுத்தபோது, மேலே மிதவையில் மக்னீசியத் தூளை வெடிக்கச் செய்துதான் போதிய ஒளியைப் பெற்றார்கள். இன்று நம் கையில் ஸ்ட்ரோப் எனப்படும் இரண்டு சிறு மின்னல் விளக்குகள் இருக்கின்றன. முதல் சில டைவ்களில் நான் செய்த தவறு, அவற்றை நம்பிப் பின்னணியை மறந்தது. மின்னல் எட்டிய ஒரு மீட்டருக்குள் எல்லாம் துலக்கமாக இருந்தது, அதற்கு அப்பால் அமாவாசை, காட்டையே காணோம். நண்பர் சொன்ன வழி இதற்கு நேர்மாறானது. முதலில் விளக்கை அணைத்துவிட்டு வெறும் நீரையும் வெளிச்சக் கற்றைகளையும் எடுத்துப் பார்த்து, அந்தப் பச்சை மனத்துக்குப் பிடிக்கும் வரை ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். அது அமைந்த பிறகு அதைத் தொடக்கூடாது. அதன்பின் விளக்கை ஏற்றி, முன்னால் இருக்கும் உயிரியின்மேல் நிறம் வருமளவுக்கு மட்டும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். எனக்கு அமைந்த எண்கள் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்வு 400, அபெர்ச்சர் எனும் லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 1/125 வினாடி. குவிமாடக் கண்ணாடிக்குப் பின்னால் அபெர்ச்சரை அதற்கு மேல் திறந்தால் படத்தின் ஓரங்கள் கலங்கிவிடும். ஷட்டரை அதற்கு மேல் மெதுவாக்கினால் அலை ஆட்டத்தில் எல்லாம் கலங்கிவிடும். சூரியக் கற்றைகளைக் கம்பி கம்பியாகப் பிடிக்க வேண்டுமென்றால் மட்டும் 1/250-க்குப் போனேன். இத்தனையையும் கரையிலேயே வைத்துவிட்டுப் போனால் விரல்கள் விறைத்த பிறகும் பாதகமில்லை. விளக்கின் திருகு ஒன்றுதான் மிச்சம்.

விளக்குகளை லென்ஸை ஒட்டி வைப்பதும் கூடாது. நீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஒளியைத் திருப்பி அடித்து, மார்கழி விடியலில் காரின் முகப்பு விளக்கைப் போட்டால் பனி தெரிவது போலப் படமெங்கும் வெள்ளைப் புள்ளிகளாகும். கைகளை அகல விரித்தது போல இரண்டு விளக்குகளையும் பக்கவாட்டில் தள்ளி, ஒளியின் ஓரம் மட்டும் மீனைத் தொடும்படி வைக்க வேண்டும்.

அலை ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பசிபிக்கின் நீண்ட அலை மேலே வரும்போதெல்லாம், 8 மீட்டர் ஆழத்திலும் நீர் முழுவதும் ஒரு பக்கம் போய்த் திரும்புகிறது. கெல்ப், மீன், நான், கேமரா எல்லாம் ஒன்றாக ஊஞ்சலில் போய் வருகிறோம். தொடக்கத்தில் துடுப்புகளை உதைத்து ஓரிடத்தில் நிற்கப் போராடி, மூச்சுக்காற்றை வீணடித்தேன். மூன்றாம் நாள்தான் விட்டுக்கொடுக்கக் கற்றேன். ஊஞ்சல் எட்டும் கடைசிப் புள்ளியில், திரும்புவதற்கு முன், ஒரு கணம் எல்லாம் நிற்கிறது. அந்த ஒரு கணத்துக்காக ஷட்டரைப் பாதி அழுத்திக் காத்திருக்க வேண்டும். தவறினால் அடுத்தது பத்துப் பன்னிரண்டு வினாடியில் வரும், அவசரமில்லை.

கெல்ப் ராக்ஃபிஷ் என்ற மீனை எடுத்தது அப்படித்தான். நம் களவாவின் சாடையில், ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில், பாசி படிந்த பழுப்பு நிறத்தில் இருக்கும் மீன் அது. கெல்ப் தண்டுகளுக்கு நடுவே, பெரும்பாலும் தலை மேலோ கீழோ சாய, அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நீந்துவதேயில்லை என்று தோன்றும். அதன் முன் நான் 15 நிமிடம் ஊஞ்சலாடினேன்; அதுவும் ஆடியது. முதலில் அரை மீட்டர் விலகியே இருந்தது. பிறகு, நான் நெருங்காததாலோ என்னவோ, இருவருக்கும் இடையிலிருந்த தூரம் தானாகவே குறைந்தது. அதன் கண்ணைச் சுற்றியிருந்த மெல்லிய பொன் வளையமும், செவுள் மூடி திறந்து மூடுவதும், தாடைக்குக் கீழே ஒட்டியிருந்த மணல் பருக்கை ஒன்றும் கண்ணாடி வழியே தெரிந்தன. பின்னால் தண்டு ஒன்று தேன் நிறத்தில் மேலேறிப் போயிற்று, அதற்கும் பின்னால் வெளிச்சம் இறங்கியது. 9 முறை அழுத்தினேன். 6-வது படம் என் கணினித் திரையில் இன்றும் இருக்கிறது.

அதே டைவில், திரும்பும் வழியில், ஒரு பாறை இடுக்கில் ஓடில்லாக் கடல் நத்தை ஒன்றைக் கண்டேன். ஸ்பானிஷ் ஷால் என்று அதற்கு அங்கே பெயர். விரல் நீளம்கூட இல்லை. வெறும் கண்ணுக்கு மங்கலான நீலச் சாம்பலாகத் தெரிந்த அது, நண்பரின் டார்ச் வெளிச்சம் பட்டவுடன் அடர்ந்த ஊதா உடம்பும் முதுகெங்கும் கனகாம்பர நிறத் தூவிகளுமாக மாறிற்று. ஊதாப் பட்டில் கனகாம்பரக் கரை போட்டது போல. என் கேமராவில் இருந்ததோ அகலக்கோண லென்ஸ். எடுத்துப் பார்த்தேன், பாறைச் சுவரில் ஒரு நிறப்புள்ளி. மறுநாள் சிறியவற்றை அருகிலிருந்து எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸை மாட்டிக்கொண்டு அதே இடுக்குக்குப் போனபோது நத்தை இல்லை. அதற்குப் பதிலாக, மேக்ரோ லென்ஸோடு இருந்த என்னை ஒரு சீல் வந்து சுற்றியது, துடுப்பைக் கவ்வி இழுத்தும் பார்த்தது. மேக்ரோ லென்ஸில் சீலின் மீசை மயிர் நான்கு கிடைத்தன. ஒரு டைவுக்கு ஒரு லென்ஸ், ஒரு நோக்கம் என்று வகுத்துக்கொண்டவன் இப்படிப்பட்ட இழப்புகளைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் பொறுத்துக்கொள்ளவில்லை, அன்று மாலை வரை புலம்பினேன்.

கடல் நீர்நாய்களை நீருக்கடியில் நான் படம் எடுக்கவில்லை. அவற்றை நெருங்கித் தொல்லை கொடுப்பது அங்கே 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தவிர, கெல்ப் தகட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு மல்லாந்து உறங்கும் அவற்றைக் கரையிலிருந்து நீள லென்ஸில் எடுப்பதே நன்றாக இருக்கிறது. மென்மயிருக்காக வேட்டையாடப்பட்டு, கலிஃபோர்னியாவில் அடியோடு அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்த இனத்தில் சுமார் 50 உயிர்கள் பிக் சர் கரையோரம் தப்பியிருந்தது 1938-இல்தான் பரவலாகத் தெரியவந்தது. இன்று சுமார் 3000 இருக்கின்றன.

அவை அங்கே இருப்பது ஏன் பொருட்படுத்த வேண்டியது என்பதை இரண்டாவது வாரம் பார்த்தேன். நண்பர் என்னை வேண்டுமென்றே, காடு இல்லாத ஓரிடத்துக்கு அழைத்துப் போனார். ஆழமும் பாறையும் நீரும் எல்லாம் முன்பு பார்த்தவைதாம். கெல்ப் மட்டும் இல்லை. அதன் இடத்தில் கடல் முள்ளெலிகள் எனப்படும் ஊதா நிற முள்ளுருண்டை உயிரிகள், கால் வைக்க இடமின்றி, ஒன்றையொன்று ஒட்டிப் பாறையெங்கும். தண்டின் பிடிப்பையே கடித்துத் தின்று காட்டை வேரோடு சாய்ப்பவை அவை. அவற்றைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த ஒரு மீட்டர் அகலச் சூரியகாந்தி நட்சத்திர மீன், 2013-இல் தொடங்கிய ஒரு கொள்ளைநோயில் உடல் கரைந்து, கலிஃபோர்னியக் கரையில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அதற்குக் காரணம் விப்ரியோ இனத்துப் பாக்டீரியா ஒன்று என்று 2025-இல்தான் உறுதியாயிற்று. நட்சத்திர மீன் போன கையோடு 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை வந்தது. வடக்குக் கலிஃபோர்னியாவில் காளை கெல்ப் என்ற இன்னொரு வகைப் பாசியின் காடுகள் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. மான்ட்டெரேயில் முள்ளெலிகளைத் தின்னும் நீர்நாய்கள் இருப்பதால் காடு திட்டுத் திட்டாகவாவது தப்பியிருக்கிறது. ஆனால் பாழான திட்டுகளை அவற்றாலும் மீட்க முடிவதில்லை. அங்குள்ள முள்ளெலிகள் உண்ண ஏதுமின்றிப் பட்டினியிலேயே ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கின்றன. உள்ளே சதைப்பற்று இல்லை. வெறும் கூட்டை உடைத்துப் பார்க்க நீர்நாய்க்கு என்ன தலையெழுத்து? அது காட்டுக்குள் கொழுத்துத் திரியும் முள்ளெலியைத்தான் தேடிப் போகிறது.

அந்தப் பாழ்நிலத்தை எடுப்பது எளிதாக இருந்தது, எனக்கே சங்கடப்படும் அளவுக்கு. பந்தல் இல்லாததால் வெளிச்சம் தாராளம்; எதுவும் அசைவதில்லை; எந்த லென்ஸும் போதும். 20 நிமிடத்தில் வேலை முடிந்து, விரல்கள் இன்னும் உணர்வோடிருக்கையிலேயே மேலேறிவிட்டோம்.

கடைசி இரண்டு நாட்கள் பாயிண்ட் லோபோஸில். நீருக்கடியிலான காப்பகம் என்று 1960-லிருந்தே காக்கப்பட்டுவரும் இடம் அது. முன்பதிவு செய்த குறிப்பிட்ட எண்ணிக்கை இணைகள் மட்டுமே ஒரு நாளில் இறங்கலாம், ஒரு கிளிஞ்சலைக்கூட எடுத்துவரக் கூடாது. அங்கே ஒரு காலையில் கேமராவை இடுப்பில் கொக்கியிட்டுவிட்டு வெறுமனே மல்லாந்து கிடந்து பந்தலை அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டுகளில் நத்தைகள் ஏறிக்கொண்டிருந்தன. அந்த டைவில் எடுத்த படங்கள் மொத்தம் 4.

மூன்று வாரத்தில் 1900-க்கு மேல் எடுத்து, சென்னைக்குத் திரும்பி வடிகட்டியதில் தேறியவை 11. கூட்டைச் சுற்றியிருந்த ரப்பர் ஓ-ரிங்கைக் கழற்றியபோது அதில் ஒரு கெல்ப் துணுக்கு, நகக்கண் அளவில், காய்ந்து ஒட்டியிருந்தது. எப்படித் தண்ணீர் உள்ளே புகாமல் இருந்தது என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இங்கே என்னோடு டைவ் செய்யும் நண்பன் ஒருவன், படங்களைப் பார்த்த சூட்டிலேயே மான்ட்டெரேக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டான். அதுவும் ஏப்ரல் மாதத்துக்கு. செப்டம்பர் வரை பொறு என்று எவ்வளவோ சொன்னேன், விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறதாம். ஏப்ரலில் நீர் கஞ்சியாக இருக்கும், கைக்கெட்டும் தூரம் தெரிந்தால் அதிகம், ஆகவே அகலக்கோண லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு மேக்ரோவை மட்டும் எடுத்துப் போ, நத்தைகளைத் தேடு என்று சொல்லியிருக்கிறேன். கூட்டை எந்த அறையில் பூட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். பால்கனியில் கிடக்கும் தெர்மோகோல் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அவனுக்கு 13 டிகிரி போதாது, 10-க்கு இறக்க வேண்டும், ஐஸ் மூன்று பை தேவைப்படும்.